மலையில் இருந்துகொண்டே சிட்காம் எழுத்தாளர் ஆவது எப்படி

"அக்கா, எனக்கு காமெடி நல்லா வரும். டிவிக்கு எழுதணும். யாரைப் போய்ப் பார்க்கணும்?" நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கமிருந்து என்னைத் தேடி வருகிற பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஆளைப் பார்ப்பதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கையில் எழுத்து இல்லாமல் யாரைப் பார்த்தும் பயனில்லை. சென்னையில் சினிமாக்காரர்கள் புழங்கும் வடபழனி, சாலிகிராமம் டீக்கடைகளில் நல்ல திறமைசாலிகளின் வருஷங்கள் அப்படித்தான் கரைகின்றன. பார்த்தால் மனசு கேட்காது.

நான் கோத்தகிரிப் பக்கத்து அரவேணுக்காரி. சென்னையில் நகைச்சுவைத் தொடர்களுக்கு வசனம் எழுதினேன், பிறகு திரைக்கதை, அதற்குப் பிறகு மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்த்து எபிசோடை முடித்துக் கொடுக்கிற பொறுப்பு. இப்போது ஊரோடு வந்துவிட்டேன், இங்கிருந்தே எழுதி அனுப்புகிறேன். இந்தத் தொழிலை எனக்குப் பிடிக்கும். நம் மலைப் பிள்ளைகள் இதற்குள் வர வேண்டும் என்ற ஆசையில்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

சிட்காம் எது என்பதில் தெளிவு வேண்டும். அதே ஆட்கள், அதே வீடு, இல்லையென்றால் அதே ஆபீஸ். ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு புதுச் சிக்கல் வரும், இருபது சொச்சம் நிமிஷத்தில் அவிழும், எல்லோரும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார்கள். மேடையில் ஐந்து நிமிஷம் ஜனங்களை உருண்டு சிரிக்கவைக்கிற திறமை வேறு. நாற்பதாவது வாரமும் அதே மாமியாரையும் அதே மருமகளையும் வைத்து, நம்பும்படியாக ஒரு புதுச் சண்டை மூட்டத் தெரிந்தவருக்குத்தான் இங்கே நீண்ட நாள் வேலை இருக்கும். பயிற்சி முழுவதும் அதை நோக்கியே இருக்கட்டும்.

பிரிந்து போக முடியாதவர்களைப் பிடியுங்கள்

பிரிட்டனில் ரே கால்ட்டன், ஆலன் சிம்ப்சன் என்று இருவர். பதின்பருவத்தில் காசநோய் வந்து மில்ஃபர்ட் சானடோரியத்தில் படுத்திருந்தபோது பழக்கமானவர்கள், அந்த ஆஸ்பத்திரி வானொலிக்கே எழுத ஆரம்பித்தவர்கள். 1962-இல் பி.பி.சி.யில் தொடங்கிய அவர்களுடைய 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடரில் பழைய சாமான் வியாபாரம் செய்கிற ஒரு அப்பா, ஒரு மகன். மகன் வீட்டை விட்டுப் போய்விடத் துடிப்பான், போக முடியாது. தொடர் முழுக்க ஓடியது அந்த ஒரே முடிச்சில். கதை யோசிக்கும்போது முதலில் இதைக் கேளுங்கள்: இவர்கள் ஏன் ஒருவரை ஒருவர் விட்டுப் போக முடியவில்லை? பதில் இல்லையென்றால் மூன்றாவது எபிசோடில் கதை காய்ந்துவிடும்.

நம் பக்கம் இப்படிப்பட்ட மனிதர்களுக்குப் பஞ்சமே இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற எட்டுக் கதவு லயன் வீட்டுக்கு ஒரு குழாய். பச்சைத் தேயிலை எடை போடுகிற இடத்தில் சிறு விவசாயியும் இலை ஏஜென்டும். விலை எவ்வளவு இறங்கினாலும் பறித்த இலையை அன்றைக்கே கொடுத்தாக வேண்டும், அதனால் அந்த இருவரும் தினமும் முகத்தில் விழித்தே தீர வேண்டும். மேட்டுப்பாளையத்தில் இருந்து மேலே ஏறுகிற கடைசி பஸ்ஸின் கண்டக்டரும் அதில் தினமும் வருகிறவர்களும். இவற்றில் எதை எடுத்தாலும் தொடர் இருக்கிறது.

என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற ஒரு பெண் கொண்டுவந்த கதையை, அவள் சம்மதத்தோடு, இங்கே எடுத்துக்கொள்கிறேன். கட்டபெட்டு பக்கம் ஒரு வீடு. மாமியார் வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மருமகள் கீழே சமவெளியில் இருந்து வந்தவள். மாடி ரூமைச் சுற்றுலாக்காரர்களுக்கு ஹோம்ஸ்டேயாக விட ஆரம்பிக்கிறாள். வீட்டுப் படியேறி வருகிறவர் மாமியாருக்கு விருந்தாளி, சோறு போட்டுக் காசு வாங்குவது கேவலம். மருமகளுக்கு அவர் கஸ்டமர், சும்மா சோறு போட்டால் லோன் தவணை கட்ட முடியாது. இரண்டு பேரும் சொல்வது நியாயம். தப்பான ஆள் ஒருவரை வைத்து அவரைத் திருத்துகிற கதை ஒரு எபிசோடில் தீர்ந்துவிடும். நியாயமான இரண்டு பேர் ஒரே அடுப்பில் சமைத்தால் அது தீரவே தீராது. வாசலில் வாராவாரம் புது ஆள் வந்து நிற்பார் என்பது கூடுதல் வசதி. ஜான் கிளீஸும் கானி பூத்தும் டார்க்கீ என்ற கடலோர ஊரை வைத்து எழுதிய 'ஃபால்டி டவர்ஸ்' என்ற ஹோட்டல் தொடர் 1975-இலும் 1979-இலுமாக 12 எபிசோடு மட்டுமே வந்தது. ஹோட்டல் என்ற இடம் எவ்வளவு கொடுக்கும் என்று பார்க்க அந்தப் பன்னிரண்டும் போதும்.

அவள் எழுதிய காட்சி இப்படி வந்து நின்றது:

விருந்தினர்: பள்ளத்தாக்கு தெரியும்னு போட்டோ போட்டிருந்தீங்க. ஒண்ணுமே தெரியலையே?
மருமகள்: மிஸ்ட் சார். கொஞ்ச நேரத்துல விலகிடும்.
மாமியார்: மூணு நாளா விலகல. நாளைக்கும் விலகாது, முட்டி வலி சொல்லுது. நீங்க உக்காருங்க தம்பி, தோசை ஊத்துறேன்.
மருமகள்: அத்தை, சார் எடுத்த பேக்கேஜ்ல பிரேக்ஃபாஸ்ட் இல்ல.
மாமியார்: பசி இருக்கா இல்லையா?
விருந்தினர்: இருக்கு பாட்டி.

இதன் முதல் வடிவத்தில் விருந்தினருக்கு ஒரு பஞ்ச் இருந்தது: "வியூ பார்க்க வந்தேன், இப்ப ரெவ்யூதான் போடணும்." படிக்கும்போது சிரிப்பு வந்தது. ஆனாலும் எடுத்துவிடச் சொன்னேன். அந்த வரியை எந்தத் தொடரில் எந்த விருந்தினர் வேண்டுமானாலும் சொல்லலாம். மேலும், அவர் நாளைக்கு ஊருக்குப் போய்விடுவார். அடுத்த வாரமும் இருக்கப்போகிறவர்கள் மாமியாரும் மருமகளும், சிரிப்பு அவர்கள் கணக்கில்தான் சேர வேண்டும். "முட்டி வலி சொல்லுது" என்ற மூன்று வார்த்தையில் ஈரச் சரிவில் அந்தப் பெண்மணி நின்ற வருஷங்கள் அத்தனையும் இருக்கின்றன. அது இதை எழுதிய பெண்ணின் பாட்டி தினமும் சொல்கிற வார்த்தையாம். இப்படிப்பட்ட வரிகளைக் கேட்ட உடனே போனில் குறித்து வையுங்கள், ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் நினைவில் நிற்காது.

மொழி விளையாட்டு கூடாது என்று சொல்லவில்லை. கிரேசி மோகன் அதிலேயே கொடிகட்டிப் பறந்தவர். அவர் நாடகங்களிலும் மாது, சீனு, ஜானகி என்று பெயர்கள் மாறாமல் வந்துகொண்டே இருக்கும் என்பதைக் கவனியுங்கள். தெரிந்த ஆள் என்பதால் வார்த்தை வாயை விட்டு வருமுன்னே சபை சிரிக்கத் தயாராக இருக்கும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

முதலில் ஒன்லைன், அதாவது முழுக் கதையும் ஒரே வரியில். நாகா இயக்கத்தில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த 'ரமணி வெர்சஸ் ரமணி'யில் புருஷன் பெயரும் ரமணி, பெண்டாட்டி பெயரும் ரமணி. கேட்டதுமே சண்டை கண்ணுக்குத் தெரிகிறதா? உங்களுடையதும் அந்த அளவுக்குச் சுருங்க வேண்டும்.

அடுத்து, ஆட்கள் ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம். உயரம், நிறம் எல்லாம் யாருக்கும் வேண்டாம். அவருக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுவார், பொய் சொன்னால் எப்படிச் சொல்வார் என்று எழுதுங்கள்.

பிறகு பத்து எபிசோடுக்கான கதை, ஒவ்வொன்றும் நாலு வரியில். தொடர் ஓடுமா ஓடாதா என்று தெரிகிற இடம் இதுதான், ஆகவே இதில் அவசரம் வேண்டாம். ஹோம்ஸ்டே கதைக்கு நாங்கள் எடுத்தவற்றில் சில: மலைக்கு வர எடுக்கிற இ-பாஸில் தப்பான தேதி போட்டு வந்த குடும்பம். பக்கத்து வீட்டில் சாவு விழுந்த நாளில் தேனிலவு ஜோடி வந்து இறங்குகிறது, மாமியார் அவர்களையும் கேதத்துக்குக் கூட்டிப் போய்விடுகிறார். சமையலறைப் பின்பக்கம் கரடி வந்ததை மருமகள் ஆன்லைனில் விளம்பரமாகப் போட, மாமியார் வந்தவர்களை உள்ளே வைத்துப் பூட்டுகிறார். தேயிலை விலை அடிமட்டத்துக்குப் போன மாதம் மாமியாரே முதல்முறையாகக் காசு கேட்க முடிவெடுத்து, கூச்சத்தில் ஐம்பது ரூபாய் கேட்கிறார். பத்து வராமல் ஆறிலேயே நின்றால் ஆட்களில் கோளாறு. இன்னொரு பக்கத்து வீட்டுக்காரரை நுழைத்து ஒப்பேற்றாமல், இருக்கிற ஆட்களையே திருப்பி எழுதுங்கள்.

கடைசியாக முழு எபிசோடு ஒன்று. 30 நிமிஷ ஸ்லாட்டில் விளம்பரம் போக ஏறக்குறைய 22 நிமிஷம்தான் உங்களுக்கு. முதலில் சீன் ஆர்டர், அதாவது காட்சிகளின் வரிசை, போடுங்கள், அது நின்ற பிறகுதான் வசனம். பெரிய சிக்கல் ஒன்று, அதன் பக்கத்திலேயே ஓடுகிற சின்னச் சிக்கல் ஒன்று போதும். விளம்பர இடைவேளைக்கு முந்தின காட்சியில் யாராவது ஒருவர் வாசலில் நிற்கட்டும், அல்லது ஒரு பொய் அம்பலமாகப் போகட்டும். நம் பக்கம் வழக்கமான முறையில், தாளின் இடது பாதியில் நடப்பதையும் வலது பாதியில் வசனத்தையும் எழுதுங்கள், யூனிட் ஆட்கள் அதற்குப் பழகியவர்கள். எழுதி முடித்ததும் நாலு பேரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லி, போனில் பதிவு செய்து, நேரம் பாருங்கள். நீங்கள் ஒரு வார்த்தை விளக்கக் கூடாது. அவர்கள் தடுக்கி விழுகிற இடமெல்லாம் நடிகரும் தடுக்கி விழப்போகிற இடம். தொடர்களில் அசிஸ்டென்ட் டைரக்டர் பிராம்ப்ட் பண்ணப் பண்ண, அதாவது வசனத்தை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, நடிகர் கேட்டுச் சொல்வது வழக்கம், மூச்சு வாங்குகிற நீள வாக்கியம் அங்கே செத்துவிடும்.

கீழே இறங்க வேண்டுமா?

உடனே வேண்டாம். கையில் இருக்கிற வேலையையும் விட வேண்டாம். கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் என்கிற அரசுக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தபடியே நாடகம் எழுதியவர். கிரேசி மோகன் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் மெக்கானிக்கல் படித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டு எழுதியவர். லண்டனில் ஜான் சல்லிவன் பி.பி.சி.யில் செட் சாமான் நகர்த்துகிற வேலையில் இருந்துகொண்டே எழுதித் தன் முதல் தொடரைக் கொடுத்தார், 1981-இல் 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' அவருடையதாக வந்தது. மாதச் சம்பளம் இருக்கிறவரால்தான் மோசமான ஒப்பந்தத்துக்கு முடியாது என்று சொல்ல முடியும்.

நமக்குப் பக்கத்து வாசல் கோயம்புத்தூர். நக்கலைட்ஸ் குழு அங்கிருந்துகொண்டே கொங்குத் தமிழில் 'அம்மா அலப்பறைகள்' போன்ற தொடர்களை யூட்யூபில் கொடுத்து, சென்னைப் பேச்சு இல்லாமலும் வீடு வீடாகப் போய்ச் சேர முடியும் என்று காட்டியிருக்கிறது. உங்களுக்குள் நாலு பேர் சேர்ந்து ஐந்து நிமிஷ எபிசோடு ஆறு செய்து பாருங்கள். ஒன்று செய்தால் அது குறும்படம். ஆறும் அதே ஆட்களோடு செய்தால்தான் உங்களுக்கு இந்த வேலை வருமா என்று பிறருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஆளைப் பார்ப்பது இந்தக் கட்டத்தில். பிடித்த நகைச்சுவைத் தொடரின் டைட்டில் கார்டை நிறுத்தி நிறுத்திப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நடிகரை விடுங்கள், தயாரிப்பாளரையும் இப்போதைக்கு விடுங்கள். எபிசோடு டைரக்டர், அசோசியேட், வசனகர்த்தா, சேனலின் கிரியேட்டிவ் பிரிவில் இருப்பவர் என்று இந்த நால்வரில் ஒருவருக்கு ஒன்லைனும் ஒரே ஒரு எபிசோடு இணைப்பும் அனுப்புங்கள். தினமும் எபிசோடு கொடுத்தே ஆக வேண்டிய நெருக்கடியில் இருப்பவர்கள் அவர்கள், கைகொடுக்க ஆள் தேடுகிறவர்களும் அவர்களே.

உள்ளே போனால் அசிஸ்டென்ட் டைரக்டராகப் பிராம்ப்ட் பண்ணுவது, பிறகு வசனத்தில் உதவி, பிறகு தனியாக வசனம், அதற்கப்புறம் திரைக்கதை என்று பெரும்பாலும் படி போகும். அமெரிக்காவில் ஏணிக்குத் திட்டமான பெயர்களே உண்டு: ஸ்டாஃப் ரைட்டர், ஸ்டோரி எடிட்டர், கோ-புரொட்யூசர், புரொட்யூசர், சூப்பர்வைசிங் புரொட்யூசர், கோ-எக்ஸிக்யூட்டிவ், எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர் என்று எழுத்தாளரே ஏறிப் போவார். உச்சியில் ஷோரன்னர். நடிகர் தேர்வு, செட், எடிட்டிங் எல்லாவற்றுக்கும் கடைசி வார்த்தை அவருடையது. சென்னையில் பணம் போடுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். எழுதுகிறவர் எடிட்டிங் அறைக்குள் போவதே அபூர்வம். நீங்கள் கேட்டுப் போய் உட்காருங்கள். எந்தச் சிரிப்பு எத்தனை ஃப்ரேமில் செத்தது என்பதை வேறு எங்கும் கற்றுக்கொள்ள முடியாது.

கதை பேசுகிற டிஸ்கஷனில் உட்காரும் முறை பற்றி ஒன்று. 1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யின் முதல் நாலு சீசனையும் ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கரோல் என்று மூன்றே பேர்தான் சேர்ந்து எழுதினார்கள். அப்படி எழுத வேண்டுமானால் யார் சொன்ன ஜோக் என்ற கணக்கு அறைக்குள் இருக்கக் கூடாது. உங்கள் யோசனை விழுந்தால் அடுத்ததைச் சொல்லுங்கள், விழுந்ததையே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். "இது நல்லால்ல" என்று மட்டும் சொல்லி நிறுத்துவது அதைவிடக் கெட்ட பழக்கம். மாற்று இல்லாமல் வாயைத் திறக்காதவரை எல்லோரும் அடுத்த தொடருக்கும் கூப்பிடுவார்கள். நம் பிள்ளைகள் கூச்சப்பட்டு ஓரமாக உட்காருவதை நிறையப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து மேசைக்கு வாருங்கள். நீங்கள் வளர்ந்த வீட்டுக்கதை அந்த அறையில் வேறு யாரிடமும் இல்லை.

தயாரிப்புப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு

கணக்கு பிடிக்கும், ஆட்களை மேய்க்கத் தெரியும் என்றால் தாராளமாகப் போங்கள். முன்பு பல தயாரிப்பாளர்கள் சேனலில் ஸ்லாட்டைக் காசு கொடுத்து எடுத்து, விளம்பரத்தைத் தாங்களே விற்றார்கள். இப்போது பெரும்பாலும் சேனல் எபிசோடுக்கு இவ்வளவு என்று கொடுத்து உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. கையில் எடுத்து முடித்த எபிசோடுகள் எத்தனை இருக்கின்றன, அதாவது பேங்க் எவ்வளவு, என்பதே தயாரிப்பாளரின் தூக்கத்தை முடிவு செய்யும். வியாழக்கிழமை ரேட்டிங் வந்ததும் கதையை மாற்றச் சொல்லிப் போன் வரும், அப்போது பேங்கில் இருப்பதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று உடனே சொல்லத் தெரிய வேண்டும்.

இங்கேயே எடுக்க நினைப்பவர்கள் கதையை வீட்டுக்குள் வையுங்கள். கோத்தகிரியில் வெயிலில் தொடங்குகிற காட்சி முடிவதற்குள் மேகம் இறங்கிவிடும். மாமியார் பேசும்போது பின்னால் மலை இருக்கும், மருமகள் பதில் சொல்லும்போது வெறும் வெள்ளை, எடிட்டிங்கில் இரண்டும் ஒட்டாது. தகரக் கூரையில் மழை விழுந்தால் லைவ் சவுண்டை மறந்துவிடுங்கள். ஆகவே சமையலறை, ஹால், மாடிப்படி என்று மூன்று இடத்துக்குள் எபிசோடில் முக்கால்வாசியை முடித்து, ஜன்னலுக்கு வெளியே எப்போதும் வெள்ளை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் வெளிச்சம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். ஏப்ரல், மே சீசனில் ரூமும் கிடைக்காது, வண்டியும் நகராது. காட்டுக்குள் எடுக்க வனத்துறையிடமும், ஊட்டி தாவரவியல் பூங்கா என்றால் தோட்டக்கலைத் துறையிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று யூனிட்டை மலை ஏற்றாதீர்கள்.

காசும் உரிமையும்

எபிசோடுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். எழுதிக் கொடுத்ததும் பணமா, ஒளிபரப்பான பிறகா என்பதை முதலிலேயே கேளுங்கள். ஒளிபரப்பாகாமலே போகிற எபிசோடுகள் உண்டு, எழுதிய உழைப்பு ஒன்றுதான். வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ். என்று வருமான வரி பிடிப்பார்கள், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பலருக்கு அதில் பெரும்பகுதி திரும்பி வரும், விட்டுவிடாதீர்கள்.

வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த ஐடியாவை நீங்கள் எழுதிய விதத்துக்குத்தான் பாதுகாப்பு. டீக்கடையில் சொன்ன ஒன்லைன் காற்றோடு போகும், பத்து எபிசோடு சுருக்கமும் முழு ஸ்கிரிப்டும் உங்களுடையதாக நிற்கும். காப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாக 500 ரூபாய் கட்டணத்தில் ஆன்லைனிலேயே பதியலாம். பதிந்த பிறகு, தேதி தெரிகிற மாதிரி மின்னஞ்சலில் மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குரல்பதிவில் கதை சொல்லாதீர்கள்.

சம்பளத்துக்குச் சேர்ந்து எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை எழுதியது நிறுவனத்துக்கே சொந்தம். எபிசோடு கணக்கில் வெளியிலிருந்து எழுதினால் உரிமையை எழுத்துமூலம் மாற்றிக் கொடுத்தால்தான் போகும். அந்தத் தாளில் காலம் குறிப்பிடவில்லையென்றால் சட்டப்படி ஐந்து வருஷம், எல்லை குறிப்பிடவில்லையென்றால் இந்தியா மட்டும். அதனால்தான் "உலகம் முழுவதும், நிரந்தரமாக, இனி வரப்போகிற எல்லா ஊடகத்திலும்" என்று அச்சடித்தே கொண்டுவருகிறார்கள். காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு எழுத்தாளரின் ராயல்டி பங்கை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்ல முடியாது, அதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். லூசில் பாலும் டெசி அர்னாஸும், தாங்கள் நடித்த தொடர் என்பதால், சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு 'ஐ லவ் லூசி'யின் படச்சுருள்களின் உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு சி.பி.எஸ். சேனல் அதை வாங்க லட்சக்கணக்கில் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தப் பேரம் முதல் தொடரிலேயே படியாது. ஆனால் மூன்று விஷயம் படியும்: டைட்டிலில் உங்கள் பெயர் எந்தக் கார்டில் எப்படி வரும் என்பது, வேறு மொழியில் எடுத்தால் உங்களுக்குத் தனித்தொகை, உங்களை நிறுத்தினாலும் நீங்கள் உருவாக்கிய ஆட்களுக்கு 'கதாபாத்திர உருவாக்கம்' என்ற வரி. இந்த மூன்றையும் கேளுங்கள், கிடைக்காவிட்டால் முதலாவதையாவது விடாதீர்கள்.

தாளை நீட்டிய அன்றைக்கே கையெழுத்துப் போடச் சொல்வார்கள். ஒரு நாள் அவகாசம் கேட்டு, பிரதியை ஊருக்குக் கொண்டுவந்து, உங்கள் ஊர்க் கோர்ட்டில் இருக்கிற வக்கீல் ஒருவரிடம் காட்டி, எல்லாப் பக்கத்திலும் தேதி இருக்கிறதா என்று பார்த்த பிறகு போடுங்கள்.